வாகன புராணம்: புருசெத் காண்டம்

காப்பு

எந்தப் புராணத்துக்கும் காப்புச் செய்யுள் ஒன்று வேண்டும். நமக்குச் செய்யுள் வராது. ஆகவே எலுமிச்சம்பழத்தில் தொடங்குவோம்.

ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் புருசெத் என்றொரு பதி உண்டு. ஈ6 நெடுஞ்சாலை அதை ஒட்டி இரவும் பகலும் இரைந்துகொண்டு போகிறது. 1978இல் சுரங்க ரயில் வந்தது. அடுக்குமாடிகள் நிறைந்தன. பின்னர் பாகிஸ்தானியரும் சோமாலியரும் தமிழரும் வந்து, நோர்வேக்காரர் கேள்விப்பட்டே இராத மரக்கறிகளைக் கடைகளில் விலை கேட்கத் தொடங்கினார்கள். இந்தப் பக்கத்துத் தமிழர் புதுக் கார் எடுத்தால், அம்மெரூட் சிவசுப்பிரமணியர் ஆலயத்தில் பூசை செய்விப்பார்கள். ஐயர் பானெற்றில் சந்தனம் வைப்பார், கற்பூரம் காட்டுவார், ரயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். அந்தக் காரைச் சுற்றிக் கமெரா, பம்பருக்குள் ராடார், மூலைக்கு மூலை உணரிகள். பத்தடி தள்ளி ஒரு பூனை நடந்தாலும் கீச்சிடும் கார் அது. ஆனால் தன் சொந்தக் காலடியில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைக் கண்டுபிடித்த கார் இதுவரை பிறக்கவில்லை. நசுக்கிவிட்டுப் பெருமையோடு போகும்.

மனிதர் பண்ணிய ஒவ்வொரு குளறுபடிக்கும் பரிகாரமாக ஒரு மின்னணுப் பாகம் காருக்குள் புகுந்தது. ஒவ்வொரு பாகம் புகுந்தபோதும் ஓட்டுநர் பதவியில் ஒரு படி இறங்கினார். அந்த இறக்கத்தைப் பாடுவதே இந்நூலின் நோக்கம்.

கைப்பிடிப் படலம்

ஆதியில் கார் இருந்தது. அதற்கு மூளை இல்லை. மூளை ஓட்டுபவரிடம் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். காரை உசுப்ப முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் இதற்கு மின் மோட்டார் கண்டுபிடித்து 1912இல் கடிலாக் காரில் ஏற்றினார். மோட்டார் சுழல மின்சாரம் வேண்டும் என்பதால், 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளான்ரே செய்த ஈயப் பற்றரியும் கூடவே காருக்குள் குடியேறியது. இந்த ஈயக் கிழவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு படலத்தில் புருசெத்தில் ஒரு குடும்பத்தையே பனியில் நிறுத்துவார்.

மின்சாரம் வந்ததும் மனிதகுலம் அதைக் கொண்டு முதலில் செய்த காரியம் என்ன? பிரேக்கைத் திருத்தியதா? இல்லை. பாட்டுக் கேட்டது. 1930இல் போல் கல்வின் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலி விற்கத் தொடங்கினார். காருக்குள் நுழைந்த முதல் மின்னணுக் கருவிகளில் ஒன்று, பயணத்துக்கு எந்த விதத்திலும் தேவைப்படாதது.

ஊசிப் படலம்

நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று அறியப்படுபவர் அன்ரனி ராஜேந்திரம். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் சீநோர் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கியவர். 1956இல் அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார் என்பது இங்குள்ள தமிழர் சொல்லும் ஆதிபர்வம். அந்த ஸ்கூட்டரில் ஒரு ட்ரான்சிஸ்டரும் இருந்திருக்காது. அது அவருடைய அதிர்ஷ்டம்.

ஏனென்றால் அடுத்த வருடமே அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரோஜெக்டர் என்ற அதிசயத்தை அறிவித்தது. எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் ஊசியால் பீச்ச வேண்டும் என்பதை இனி மின்னணுப் பெட்டி முடிவுசெய்யும் என்றார்கள். 1958இல் கிறைஸ்லர் அதைச் சில கார்களில் பூட்டி விற்றது. பெட்டி நினைத்தால் பீச்சியது, நினைக்காவிட்டால் சும்மா இருந்தது. வாங்கியவர்கள் திட்டித் தீர்க்க, விற்ற கார்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பி எடுத்துப் பழைய காபரேட்டரையே பூட்டிக் கொடுத்தார்கள்.

அந்தக் காப்புரிமை ஜேர்மனியின் பொஷ் கைக்குப் போனது. 1967இல் வொல்க்ஸ்வாகன் 1600 காரில் அது திருந்தி வந்தது. கலிபோர்னியாவின் புகையும் அதற்கு எதிராக வந்த சட்டமும்தான் காரணம். 1976இல் பக்கத்து நாட்டு வொல்வோ, புகைக்குழாயில் மிஞ்சும் ஒக்சிசனை அளக்கும் உணரியைப் பூட்டியது. கார் தன் புகையைத் தானே முகர்ந்து, அடுத்த சொட்டுப் பெற்றோலைக் கூட்டவா குறைக்கவா என்று தீர்மானிக்கத் தொடங்கியது. அதுவரை புகையின் நிறத்தைப் பார்த்து அதைச் சொன்னவர் மெக்கானிக். அவர் வேலையில் முதல் ஓட்டை அன்று விழுந்தது.

மண்ணெண்ணெய்ப் படலம்

இங்கே கதை சற்றுத் தெற்கே, யாழ்ப்பாணம் போகிறது. 1990இல் மீண்டும் சண்டை மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது, பற்றரி வராது, மின்சாரமும் இல்லை. ஆனால் ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் ஓடின. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னால் வருபவர் கண்ணெரிந்துகொண்டு வருவார். கல்யாணத்துக்கும் அதே கார், ஆஸ்பத்திரிக்கும் அதே கார், இடம்பெயரவும் அதே கார்.

எப்படி ஓடியது? அந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. தரங்கெட்ட எரிபொருளையும் முனகிக்கொண்டு எரிக்கும். தீப்பொறிக்கு ஒரு கொயில், ஒரு டிஸ்ரிபியூற்றர், நெருங்கி விலகும் இரண்டு உலோக முனைகள், அவ்வளவுதான். இடைவெளி கூடிவிட்டால் மெக்கானிக் அரத்தாளால் தேய்த்து, நடுவில் ஒரு பிளேட்டைச் செருகி அளந்து, திருகை இறுக்கிவிட்டு பீடியைப் பற்றவைப்பார். மண்ணெண்ணெய் ஊற்றியது காருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடியிருக்காது.

இன்றைய பெற்றோல் கார் ஒன்றுக்கு அதையே ஊற்றிப் பாருங்கள். எஞ்சின் சுவரில் காது வைத்திருக்கும் தட்டொலி உணரி முதலில் கோள் சொல்லும். புகைக்குழாயின் ஒக்சிசன் உணரி அதை வழிமொழியும். கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டு வாக்குமூலத்தையும் பதிவுசெய்து, மஞ்சள் விளக்கை ஏற்றி, வேகத்தைப் பிடுங்கி, உங்களை நொண்டி ஓட்டத்துக்கு இறக்கும். பதிவு அழியாமல் இருக்கும். கராஜ்காரர் அதை வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

அந்த நாளில் யாழ்ப்பாணத்தின் மின்னணுவியல் காருக்குள் இருக்கவில்லை, வானொலிக்குள் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டது ஒரு தலைமுறை. சுற்றுகிற பையனுக்குக் கை அலுத்தால் போர் நிலவரம் பாதியில் நின்றுவிடும். அந்தப் பையன்களில் சிலர்தான் இன்று புருசெத்தில் போனைத் தட்டிக் காரைச் சூடாக்குகிறார்கள்.

பாட்டுக்காரர் படலம்

நோர்வேயில் எலிக்குட்டியளவு கார்த் தொழிலும் இல்லை. ஆகையால் காருக்குக் கொடும் வரி போடுவதில் அரசுக்கு மனக்கஷ்டமும் இருக்கவில்லை. 1985இல் உலகப் பாட்டுப் பட்டியல்களின் உச்சிக்குப் போன ஆ-ஹா குழுவின் மோர்டன் ஹார்க்கெட்டும் மக்னே புருஹோல்மனும், பெல்லோனா சுற்றுச்சூழல் அமைப்பின் பிரெடெரிக் ஹௌகேயும் 1989இல் சுவிற்சர்லாந்திலிருந்து ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். மின்சாரத்துக்கு மாற்றிய பியற் பண்டா. அதில் ஏறிச் சுங்கச்சாவடிகளைக் காசு கொடுக்காமல் கடந்தார்கள். தண்டப்பத்திரம் வந்தது, கட்டவில்லை. அரசு காரைப் பறித்து ஏலம் போட்டது. ஏலத்தில் அந்தக் காருக்கு வேறு ஆள் யார்? அவர்களே எடுத்தார்கள். எடுத்த கையோடு மறுபடி சுங்கச்சாவடி.

சத்தியாக்கிரகத்தில் இது ஒரு தனி வகை: தண்டம் கட்ட வசதியுள்ளவர்கள் கட்ட மறுத்தது. பலித்தது. 1990இல் மின்சாரக் காருக்குப் பதிவு வரி தற்காலிகமாக நீங்கியது. 1997இல் சுங்கம் போனது. 2001இல் பெறுமதிசேர் வரியும் போனது. பிறகு பஸ் பாதையிலும் போகலாம் என்றார்கள். அதோடு பஸ் பாதையில் பஸ்ஸுக்கு இடம் போதாமல் போனது.

அந்த அருள்மழையில் முளைத்த உள்ளூர்க் கார் திங்க். ஒஸ்லோவில் பிவ்கோ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் தன் முன்மாதிரிகளை ஓட்டிக் காட்டியது. 1999இல் அமெரிக்காவின் போர்ட் அதை வாங்கியது, 2003இல் கைகழுவியது. அந்த நிறுவனம் 2011க்குள் நாலு தரம் கவிழ்ந்தது. பெங்களூரின் ரேவாவும் இங்கே வந்து பஸ் பாதையில் ஓடியது. அதன் கதவைச் சாத்தும் சத்தத்தில் ஒரு தாழ்மை இருக்கும்.

இந்தக் கார்களில் கியர்பெட்டியின் வேலையைப் பறித்துக்கொண்டது பவர் ட்ரான்சிஸ்டர். பற்றரியின் நேர்மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தரம் வெட்டி ஒட்டி, மோட்டார் கேட்கும் அளவில் மாறுமின்சாரமாக ஊட்டுவது அதன் தொழில். அதில் பெரும் புரட்சி செய்த ஐஜிபிடி என்ற வகையைத் தந்தவர் ஜயந்த் பாலிகா. சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பின்லாந்து 2024இல் அவருக்கு மிலேனியம் தொழில்நுட்பப் பரிசு கொடுத்தது. பாட்டுக்காரர்களைத் தெரிந்த நோர்வேயில் பாலிகாவைத் தெரிந்தவர் எத்தனை பேர்? புருசெத்துத் தமிழருக்கும் தெரியாது என்பது ஒரு ஆறுதல்.

எல்க் மான் படலம்

1997 ஒக்டோபர் 21. சுவீடனின் கார்ப் பத்திரிகை ஒன்றின் நிருபர், வழியில் எல்க் மான் நிற்பதாக எண்ணிக்கொண்டு, புத்தம்புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரை இடப்பக்கம் வெட்டி வலப்பக்கம் வளைத்தார். வேகம் ஏறக்குறைய 60 கிலோமீற்றர். கார் கவிழ்ந்தது. மானே இல்லாத மான் சோதனையில் உலகின் மிக மரியாதையான கார் குப்புற விழுந்தது. முதலில் கம்பனி இதைப் பெரிதுபடுத்தவில்லை. கிழக்கு ஜேர்மனியின் பழைய ட்ரபான்ட் அதே சோதனையில் கவிழாமல் வந்தது என்ற செய்தியும் சேர்ந்துகொள்ள, பெரிதுபடுத்தியது.

விற்பனையை நிறுத்தினார்கள். விலையுயர்ந்த எஸ்-கிளாஸில் 1995இல் வந்த சறுக்கல் தடுப்பு மின்னணுவை எல்லா ஏ-கிளாஸிலும் சும்மா பூட்டினார்கள். ஸ்ரியரிங் எங்கே திரும்புகிறது என்று ஒரு உணரி பார்க்கும், வண்டி உண்மையில் எங்கே திரும்புகிறது என்று இன்னொன்று பார்க்கும். இரண்டு வாக்குமூலமும் ஒத்துவராவிட்டால், எந்தச் சில்லுக்கு மட்டும் பிரேக் போடுவது என்று பெட்டி முடிவெடுக்கும். உங்கள் அபிப்பிராயம் கேட்கப்படாது. பணக்காரரின் பாதுகாப்பு ஏழையின் காருக்கு வந்தது எந்தப் புரட்சியாலும் அல்ல. வராத ஒரு மானால்.

டீசல் படலம்

2007இல் நோர்வே அரசு கரியமிலவாயுவைக் கணக்குப் பார்த்துக் கார் வரியைத் திருத்தியது. அந்தக் கணக்கில் டீசல் நல்ல பிள்ளை. சனம் டீசலுக்குப் பாய்ந்தது. 2015இல் வொல்க்ஸ்வாகனின் குட்டு வெளிப்பட்டது. சோதனைக்கூட உருளையில் ஓடும்போது சில்லு சுழலும், ஆனால் ஸ்ரியரிங் திரும்பாது. இதைக் கட்டுப்பாட்டு மென்பொருள் கவனித்து, ஐயா வந்துவிட்டார் என்று தெரிந்து, சுத்தமான புகை விட்டது. ரோட்டுக்கு வந்ததும் பழைய குணம். உலகெங்கும் 1 கோடி 10 லட்சம் வாகனங்கள். கார் பரீட்சையில் கொப்பி அடித்தது. அடிக்கச் சொல்லிக் கொடுத்தது பொறியியலாளர்கள்.

எண்ணெய் விற்ற காசில் கொழுத்த நோர்வேயின் ஓய்வூதிய நிதி வொல்க்ஸ்வாகனின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. 2016இல் அது வழக்குப் போட்டது. புகை பற்றி எண்ணெய்க்காரர் நீதி கேட்டார்கள்.

2017 ஜனவரி 17இல் ஒஸ்லோவில் காற்று கெட்டுக் கிடந்தபடியால் டீசல் கார்களுக்கு ஒருநாள் தடை. பத்து வருடத்துக்கு முன் வரிச்சலுகை கொடுத்து வாங்கச் சொன்ன அதே காருக்கு இப்போது தண்டம். ஆனால் தடை மாநகரசபை வீதிகளுக்கு மட்டும். அரச நெடுஞ்சாலைக்கு இல்லை. ஆகவே ஈ6இல் டீசல் புண்ணியம், அதைவிட்டு ஊருக்குள் திரும்பினால் பாவம்.

குளிர்ப் படலம்

மின்சாரக் காருக்கு முன்பே நோர்வேயில் பெற்றோல் காருக்கும் பிளக் உண்டு. இரவில் எஞ்சினைச் சூடாக வைக்க முகப்பிலிருந்து ஒரு வயர் தொங்கும். ஆகவே காரைச் சுவரில் சொருகுவது நோர்வேக்காரருக்குப் புதிதல்ல. 2024இல் விற்ற புதுக் கார்களில் 88.9 வீதம் முழு மின்சாரம்.

ஜனவரிக் காலை, புருசெத். அடுக்குமாடிக்குக் கீழே சித்தப்பா நிற்கிறார். மூச்சு வெள்ளையாக வருகிறது.

“தம்பி, கார்க் கதவு திறக்குதில்லையடா.”

“சார்ஜ் முடிஞ்சுதோ, சித்தப்பா?”

“நேற்றிரவு எண்பது வீதம் எண்டு போனிலை காட்டினது. இப்ப போனிலையும் ஒண்டும் காட்டுதில்லை. பிள்ளையள் பள்ளிக்கூடம் போக வேணும்.”

பெரிய பற்றரியில் இங்கிருந்து லில்லஹாமர் வரை போகத்தக்க மின்சாரம் நிறைந்து கிடக்கிறது. ஆனால் கார் நிற்கும்போது அந்தச் சில நூறு வோல்ட்டை வெளியே விடாமல் கனத்த சுவிட்சுகள் பூட்டி வைத்திருக்கும். பாதுகாப்பு. அவற்றை இழுத்து இணைக்க ஒரு சின்ன 12 வோல்ட் பற்றரி உயிரோடு இருக்க வேண்டும். கதவு, கணினி, போனோடு பேசும் பெட்டி எல்லாம் அதன் தயவு. அது பெரும்பாலும் 1859ஆம் ஆண்டு ஈயக் கிழவரின் நேர்வாரிசு. குளிரில் கிழவர் கண்ணை மூடிவிட்டார். ஜேர்மனியின் அடாக் என்ற கார்ச் சங்கம் வைத்திருக்கும் பழுதுக் கணக்கிலும் மின்சாரக் காரை நடுரோட்டில் விடும் முதல் குற்றவாளி இவர்தான்.

சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தாயிற்று. எதிர்வீட்டு நோர்வேக் கிழவர் தன் பழைய டீசல் காரை உறுமிக்கொண்டு கொண்டுவந்தார். சிவப்பு வயர், கறுப்பு வயர். இருபத்தோராம் நூற்றாண்டு கண் விழித்தது. கிழவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சிரித்த சிரிப்புக்கு வரி போட அரசுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

குகைப் படலம்

இத்தனைக்குப் பிறகும் கார் ஓட்டுநருக்குச் சொந்தம் என்ற ஒரு எண்ணம் மிஞ்சியிருந்தது. அதையும் இந்தப் படலம் தீர்த்துவைக்கும்.

2019இல் டெஸ்லா அனுப்பிய மென்பொருள் மாற்றம் ஒன்றால் தங்கள் கார் சார்ஜ் ஏற வழமையைவிட நேரம் எடுக்கிறது என்று நோர்வேயில் சுமார் 30 பேர் முறையிட்டார்கள். ஒருவரும் காரைத் தொடவில்லை, கராஜுக்குக் கொண்டுபோகவில்லை. இரவோடிரவாகக் குணம் மாறிவிட்டது. தலைக்கு 136,000 குரோனர் கொடுக்கும்படி சமரச மன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கு மாதச் சந்தா கேட்டது. கம்பி உங்கள் இருக்கைக்குள்தான் இருக்கிறது, சூடு வாடகைக்கு. எதிர்ப்பு எழ, 2023இல் கைவிட்டார்கள்.

புருசெத்தின் பஸ் சேவைகளையும் நிர்வகிக்கும் ஒஸ்லோப் போக்குவரத்து நிறுவனம் றூட்டர், வாகனம் உண்மையில் யார் கையில் என்ற சந்தேகத்தை 2025இல் கடைசிவரை கொண்டுபோனது. சீனாவின் யுடோங் பஸ் ஒன்றையும் ஒல்லாந்து பஸ் ஒன்றையும் மலைக்குள், வெளி அலைவரிசை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது. பஸ்ஸைக் குகைக்குள் தனியே கூட்டிப்போய், “உண்மையைச் சொல், உன் எசமான் யார்?” என்று கேட்ட முதல் நகரம் இதுவாகத்தான் இருக்கும். சீன பஸ்ஸுக்குள் ஒரு ருமேனிய சிம் அட்டை இருந்தது. அதன் வழியாகத் தயாரித்தவர் மென்பொருளை மாற்றலாம், கோட்பாட்டளவில் பஸ்ஸை நிறுத்தவும் முடியும் என்று றூட்டர் சொன்னது. சிம்மைக் கழற்றினால் அந்த வழி அடைபடும் என்றும் சொன்னது. தயாரிப்பாளரோ தாங்கள் சட்டப்படி நடப்பதாகப் பதில் சொன்னார்கள்.

குகையில் கேட்ட கேள்வி சரியான கேள்வி. சிப் கூடுவது பிழையல்ல. சறுக்கலைத் தடுக்கும் பெட்டி உயிர் காக்கிறது. புகையை முகரும் உணரி பிள்ளைகளின் நெஞ்சைக் காக்கிறது. காபரேட்டர் காலமே பொற்காலம் என்பவர் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க் காருக்குப் பின்னால் சைக்கிள் ஓடிப் பார்க்காதவர். ஓட்டுநர் இழந்த அதிகாரம் பெட்டிக்குப் போனதிலும் பெரிய மோசமில்லை, ஓட்டுநர்களை நமக்குத் தெரியும். பெட்டிக்குள் எழுதுபவர் யார், எழுதியதை வாசிக்க நமக்கு உரிமை உண்டா, வேண்டாம் என்றால் சிம்மைக் கழற்ற விடுவார்களா என்பதே மிச்ச வழக்கு. ஏ40ஐப் பிளேட்டால் திருத்திய மெக்கானிக்குக் கெட்டித்தனத்தோடு இன்னொன்றும் இருந்தது: அந்தப் பானெற்றைத் திறக்க அவர் யாரிடமும் கடவுச்சொல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நூற்பயன்

இப்புராணத்தைக் குளிர்காலம் தொடங்குமுன் ஓதுவோர் 12 வோல்ட் பற்றரியைச் சோதித்துக்கொள்வார்கள். ஒருதரம் கேட்டோர் சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவி எங்கே என்று அறிவார்கள். மென்பொருள் மாற்றத்துக்குச் சம்மதம் கேட்கும் திரையில் வாசிக்காமல் விரலை வைப்போர், மறுபிறவியில் சுங்கச்சாவடியில் தண்டம் வாங்கிய பியற் பண்டாவாகப் பிறப்பார்கள். டீசலுக்குச் சலுகை கொடுத்துப் பின் தடைசெய்தோர் தேர்தலில் மறுபடி நிற்பார்கள், வெல்லவும் வெல்வார்கள். அதற்குப் பரிகாரம் இந்நூலில் இல்லை. பழைய டீசல் கார் வைத்திருக்கும் அயலவரை முழுநம்பிக்கையோடு பேணுவோர் எந்தப் பனியிலும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தமாட்டார்கள். சுபம்.